நின்று வேலை பார்த்தால் குதிகால் வலி, உட்கார்ந்தால் தோள் வலி: எப்படி மாற்றி மாற்றிப் பார்ப்பது?

மேசைக்கால்:
வீட்டிலிருந்து வேலை. 75 செ.மீ. உயர மர மேசை, அதன்மேல் ரைசர் (கணினியை வைத்து ஏற்றி இறக்கும் தட்டு). என் உயரம் 165 செ.மீ. காலையில் ஒரே மூச்சாக 2 மணி நேரம் நின்றால் குதிகாலும் இடுப்பும் விட்டுப்போகிறது. உட்கார்ந்தால் தோள்பட்டை வலி. டைல்ஸ் தரை, வெறுங்கால். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

கெண்டைச்சதை:
உட்கார்ந்தே கிடப்பதற்கு மாற்று நின்றே கிடப்பது அல்ல. காலில் இறங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. ஆடாமல் அசையாமல் நின்றால் அதற்கு வேலையே இல்லை, கால்தான் வீங்கும். வேலையிடத்தை உடலுக்கு ஏற்றபடி அமைப்பதை ஆராய்ந்த, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹெட்ஜ் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அரை மணி நேரத்தில் 20 நிமிடம் உட்காருவது, 8 நிற்பது, 2 நடப்பது. அந்த 2 நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்காததாலோ என்னவோ!

முழக்கோல்:
தோள் வலிக்குக் காரணம் நேரமல்ல, உயரம். உங்கள் உயரத்துக்கு, உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து சுமார் 65 செ.மீ.யில் இருக்கும். மேசையே 75, இறக்கிவைத்த ரைசரின் தட்டு இன்னும் ஒன்றிரண்டு சேர்க்கும். ஆக, நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே டைப் அடிக்கிறீர்கள். நாற்காலியை 10 செ.மீ. ஏற்றுங்கள். பாதம் அந்தரத்தில் தொங்கும். அதே உயரத்துக்கு ஒரு மணைக்கட்டை போடுங்கள். நிற்கும்போது கீபோர்டு 103 செ.மீ. பக்கம் வரும். ஆனால் என் கணக்கை நம்பாமல், வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, முழங்கையை மடக்கி, டேப் பிடித்துப் பாருங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில். லேப்டாப்பை மட்டும் வைத்து இரண்டையும் சரிக்கட்ட முடியாது, தனி கீபோர்டு வேண்டும்.

அந்த மணை நிற்கும்போதும் உதவும். ஒரு காலை அதில் வைத்து, அவ்வப்போது கால் மாற்றினால் இடுப்புக்கு இதமாக இருக்கும்.

மேசைக்கால்:
நன்றி. நிற்கும்போது காலடியில் போடும் மெத்தென்ற மேட் வாங்கணுமா? சாப்பிட்டதும் நிற்கலாமா?

கெண்டைச்சதை:
2 செ.மீ. தடிமன் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. யோகா மேட் தட்டும். அதுவரை மெத்தென்ற செருப்பு. நாற்காலிச் சக்கரம் ஏறினால் மேட் கிழிந்துவிடும், உட்காரும்போது ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

சாப்பிட்டபின் நிற்பதைவிட நடப்பது மேல். 2023-இல் வந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், அரை மணிக்கு 5 நிமிடம் மெல்ல நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம், உட்கார்ந்தே இருந்த நாளைவிட 58 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான், எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

முழக்கோல்:
ஒன்று விட்டுப்போச்சு. ஒயர்களை ரைசர் முழுக்க ஏறியிருக்கும்போது கட்டுங்கள். இறக்கிவைத்துக் கட்டினால், அடுத்தமுறை தூக்கும்போது திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ ஒயரின் முனை வளைந்துவிடும்.