அல்சைமர் அப்பா, ஜிபிஎஸ் வாட்ச்: வெளியே போனாலும் மேப்ல வீட்டுலயே காட்டுது (அவசரம்)

தென்காசிப்பையன் · சனி, காலை 6:52
அப்பாவுக்கு அல்சைமர், வயசு 74. மூணு மாசமா கையில ஜிபிஎஸ் வாட்ச் கட்டியிருக்கோம். இன்னைக்கு விடிகாலை 4 மணிக்குக் கதவைத் திறந்துட்டுக் கிளம்பிட்டார். அம்மா போன்ல "அப்பாவக் காணலய்யா"ன்னு அழுறாங்க. நான் பெங்களூர்ல இருக்கேன். ஆப்பைத் திறந்தா வீட்டுக்குள்ளயே புள்ளி நிக்குது. வீட்டுலதான் இருப்பார், மாடில பாருங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அந்த இருபது நிமிஷம் வீணாப் போச்சு. கடைசில பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரர் அடையாளம் கண்டு உட்கார வெச்சிருந்தார். அப்பா 31 வருஷம் கண்டக்டர். பழைய காக்கிச் சட்டை போட்டு, பாக்கெட்ல விசிலோட, முதல் வண்டிக்கு நின்னிருக்கார். இப்ப வீட்டுல தூங்குறார். வாட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. என்ன செய்யலாம்?

வைகைக்கரை · 7:05
அப்பா கிடைச்சதே பெரிசு தம்பி. என்ன வாட்ச்? எந்த சிம்? 2ஜியா 4ஜியா? வாட்ச் நம்பருக்குக் கூப்பிட்டா ரிங் போகுதா? இது எதுவும் தெரியாம எப்படிச் சொல்றது?

மின்மினி · 7:11
பேட்டரிதாங்க. எங்க மாமனார் வாட்ச்சும் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழ போனா இடம் காட்டாது. ராத்திரி முழு சார்ஜ் போட்டுட்டு கட்டுங்க.

ஓசூர்_பிரபு · 7:14
அந்த வாட்சைத் தூக்கிப் போட்டுட்டு ஏர்டேக் (ஆப்பிளோட சின்ன டிராக்கர் வில்லை) வாங்கிச் சட்டைப் பையில போடுங்க ப்ரோ. சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், ஒரு பேட்டரி ஒரு வருஷம் வரும்.

பழைய_சர்க்யூட் · 7:30
உதவி கேட்குறவங்க முதல்ல மாடல், சிம், ஆப் மூணையும் எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது? ஏர்டேக் பத்திச் சொன்னவருக்கு: அதுல ஜிபிஎஸ்ஸே கிடையாது. பக்கத்துல போற யாரோ ஒருத்தர் ஆப்பிள் போன் அதைக் கேட்டு இடத்தைச் சொல்லணும். விடிகாலை 4 மணிக்குத் தென்காசித் தெருவுல எத்தனை ஐபோன் நடமாடும்? தவிர, அது சாமானுக்குத்தான், ஆளுக்கு இல்லைன்னு ஆப்பிளே சொல்லியிருக்கு. உங்க கேஸ்ல பதில் சிம்பிள். ஜியோ சிம் போட்டிருப்பீங்க. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, மலிவு வாட்ச் பாதி 2ஜி. வாங்கும்போதே விசாரிச்சிருக்கணும்.

தென்காசிப்பையன் · 7:48
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். ஏர்டெல் சிம், 2ஜி வாட்ச். கூப்பிட்டா ரிங் போகுது, அப்பா குரலும் கேக்குது. சார்ஜ் 80 இருக்கு. ரெண்டரை மாசம் நல்லாத்தான் காட்டிச்சு.

மதுரை_மீனா · 7:55
தம்பி, மேப்ல அந்தப் புள்ளியைத் தொட்டா அடியில ஒரு நேரம் வரும். அது இன்னைக்கு நேரமா?

தென்காசிப்பையன் · 7:58
இல்லக்கா. செவ்வாய் ராத்திரி 11:40ன்னு இருக்கு. இத இத்தன நாள் பாக்கவே இல்ல.

மதுரை_மீனா · 8:10
அப்ப நீங்க பார்த்தது செவ்வாய்க்கிழமை அப்பாவை. வாட்ச் கடைசியா அனுப்புன இடத்தையே ஆப் பிடிச்சு வெச்சுக் காட்டுது. பேச்சு போற வழி வேற, இடம் போற வழி வேற. வாட்ச் தன் இடத்தைக் கண்டுபிடிச்சாலும் சர்வருக்கு அனுப்ப டேட்டா வேணும். செவ்வாயோட ரீசார்ஜ் முடிஞ்சு யாராவது புதுசாப் போட்டாங்களா? 2025 ஜனவரியில இருந்து டேட்டாவே இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் எல்லா கம்பெனியும் விக்குது. டிராய், அதான் டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம், போட்ட உத்தரவு. வாட்சுக்குத்தானேன்னு அதைப் போட்டிருந்தா இப்படித்தான் ஆகும். பேக் சரின்னா அடுத்து ஏபிஎன் (சிம் வழியா நெட்டோட சேர வாட்ச்ல குடுக்குற செட்டிங்) பாருங்க.

பழைய_சர்க்யூட் · 8:16
ஏபிஎன்னைத்தான் முதல்ல பார்க்கணும்.

மதுரை_மீனா · 8:19
ரெண்டரை மாசம் ஓடின வாட்ச் சார். ஏபிஎன் தானா மாறாது.

நிழற்குடை · 8:40
ஒண்ணு கேக்கலாமா? வாட்ச் கட்டுறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட யாராவது கேட்டீங்களா? பெத்தவங்களுக்கு ஆட்டுக்குக் கட்டுற மாதிரி கட்டுறது எனக்கு உறுத்துது. அவர் எங்க போறார்ங்கிறது யார் சர்வருக்குப் போகுதுன்னும் தெரியாது. 2019-ல அவாஸ்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி ஆய்வாளர்கள் பார்த்தப்ப, இந்த மாதிரி மலிவு டிராக்கர் சுமார் 6 லட்சம், 123456ங்கிற அதே பாஸ்வேர்டோட திறந்து கிடந்துச்சு.

கொங்குமகள் · 8:52
நிழற்குடை, நீங்க ராத்திரி முழிச்சுப் பார்த்திருக்கீங்களா? எங்க அம்மா நடந்து போய் கிணத்து மேட்டுல நின்னாங்க. உறுத்தல் எனக்கும் இருக்கு. ஆனா வாட்ச் இல்லைன்னா வெளியில பூட்டணும். பூட்டின கதவை அவங்க தட்டுற சத்தம் கேட்டிருக்கேன், அதைவிட வாட்ச் எவ்வளவோ மேல்.

நிழற்குடை · 9:01
பூட்டச் சொல்லலைங்க. நோய் ஆரம்பத்துல, புரியுற நிலைமையிலயே சொல்லிக் கேட்டுக் கட்டலாம்னு சொல்றேன். பாஸ்வேர்டையாவது மாத்தச் சொல்லுங்க.

கொங்குமகள் · 9:04
பாஸ்வேர்டு சரி. எங்களுக்கு நோயே லேட்டாத்தான் தெரிஞ்சது. கேக்குற காலம் தாண்டிருச்சு.

செவிலி_அக்கா · 9:20
சண்டை அப்புறம். தம்பி, வாட்ச் சரியானாலும் அதை மட்டும் நம்பாதீங்க. வீட்டுக்குள்ள ஜிபிஎஸ் சரியாக் கிடைக்காது, அப்ப டவரை வெச்சு உத்தேசமாக் காட்டும், தெரு ரெண்டு தள்ளியும் நிக்கும். கிளம்புற நிமிஷத்துல அம்மாவுக்குத் தெரியணும். கதவுல ஒரு துண்டு, நிலையில ஒரு துண்டுன்னு ஒட்டுற காந்த சென்சார் கிடைக்கும், விலை கம்மி. மணி அம்மா கட்டில் பக்கத்துல அடிக்கிற மாதிரி வாங்குங்க, கதவுலயே அலறுனா அப்பா மிரளுவார்.
தினம் அந்தக் காக்கிச் சட்டைதான்னா அதோட காலருக்குள்ள போன் நம்பரைத் தைச்சு வைங்க.
ராத்திரி டோனெபெசில் (அல்சைமருக்குக் குடுக்குறது) மாத்திரை குடுக்குறீங்களா? சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். நீங்களா மாத்தாதீங்க, காலையில குடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. திரும்பக் காணாமப் போனா தேடிக்கிட்டே 112-க்கு அடிங்க, காத்திருக்க வேண்டாம். மத்த உதவிக்கு முதியோர் எண் 14567.

ஓசூர்_பிரபு · 9:33
ஏர்டேக் எங்க ஊர்ல நல்லா வேலை செய்யுது.

தென்காசிப்பையன் · 11:26
மீனாக்கா, நீங்க சொன்னதேதான். புதன்கிழமை தம்பி போட்டது டேட்டா இல்லாத பேக். டேட்டா உள்ளதுக்கு மாத்தி, வாட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனோம், நாலு நிமிஷத்துல புள்ளி நகந்துச்சு. அம்மா சட்டைக் காலரைப் பிரிச்சுத் தைக்கிறாங்க. அப்பா பக்கத்துல உக்காந்து "டூட்டிக்கு நேரமாச்சு, சீக்கிரம் தை"ங்கிறாராம். சாயங்காலம் பஸ் ஏறுறேன்.

மதுரை_மீனா · 11:31
நிம்மதி. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் அனுப்பணும்னு ஆப்ல ஒரு செட்டிங் இருக்கும், அது எவ்வளவுல இருக்கு? ஒரு மணி நேரம்னு இருந்தா, மேப்ல வீட்டைச் சுத்திப் போடுற வேலியைத் தாண்டுன அலர்ட்டும் லேட்டாத்தான் வரும். 10 நிமிஷம் வைங்க, தினம் சார்ஜ் போட வேண்டியிருக்கும்.

மதுரை_மீனா · ஞாயிறு, இரவு 9:02
தம்பி, பார்த்தீங்களா?