பொருள்: 'சிமுலேஷன்' காணொளிக்குச் சொல் - வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களே,
மருத்துவ மாணவர்களின் செய்முறைத் திறனை மதிப்பிடும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன், வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல மாணவர் பொம்மை உடலின் மார்பை அழுத்துவதைப் படம்பிடித்து, தேர்வாளர் இருவர் தனித்தனியே பார்த்து மதிப்பெண் இடுவார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அழுத்தங்களுக்கு இடையே மார்பு முழுதாக எழவிடாமல் அதன்மேலேயே சாய்ந்து நிற்கும் பிழை நேரில் கண்ணுக்குத் தப்பும், காணொளியை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படிப் பொம்மையை வைத்து உண்மைபோலச் செய்து பயிலும் 'சிமுலேஷன்' என்பதற்கு 'உருவகப்படுத்தல்' என்று போட்டேன். சரியா?

> உருவகப்படுத்தல்

வேண்டாம் ஐயா. மதிமுகம் உவமை, முகமதி உருவகம். உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இங்கே பொம்மை வேறு, நோயாளி வேறு என்று தெரிந்துதான் பயில்கிறோம். தொல்காப்பியர் 'வினை பயன் மெய் உரு' என்று உவமத்தை நான்காக வகுத்தாரே, இது அதில் வினை. 'ஒப்பு' என்ற அடியிலிருந்து 'ஒப்புச்செயல்' என்போம். குறள் 1071இல் 'ஒப்பாரி' என்பதே ஒப்புமைதான்.

> ஒப்புச்செயல்

வகுப்பில் சொல்லிப் பாருங்கள், 'ஒப்புக்குச் செய்வது' என்றுதான் மாணவர் காதில் விழும். பொம்மைதானே என்று ஏனோதானோவென்று செய்யாதே என்பதைத்தான் நான் தினமும் மன்றாடிச் சொல்கிறேன், அதைச் சொல்லே கெடுக்கக் கூடாது. 'மாதிரிச் செய்முறை' போதும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று, காணொளி என்றால் எது? மாணவர் செய்ததைப் பிடித்ததா, மாணவருக்குக் காட்டி 'அடுத்து என்ன செய்வாய்' என்று கேட்பதா? மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990இல் திறனைப் படிப்படியாக அடுக்கிச் சொன்ன கூம்பில் 'எப்படிச் செய்வது என அறிதல்' ஒரு படி, 'செய்து காட்டல்' அதற்கு மேற்படி. முன்னதைச் சோதிப்பதைக் 'காட்சி' என்றும் பின்னதைப் 'பதிவு' என்றும் பிரித்து எழுதுங்கள்.

> மாதிரிச் செய்முறை

இரத்த மாதிரி, சளி மாதிரி என்று ஆய்வுக்கூடத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஒரே கையேட்டில் இரண்டு மாதிரியா? 'பாவனை' எப்படி?

> பாவனை

ஈழத்தில் பாவனை என்றால் பயன்பாடு, அம்மா. 'மருந்துப் பாவனை' என்று எழுதுபவர்கள் நாங்கள்.

நண்பர்களே, நாளை வெள்ளி. நால்வர் 'மாதிரிச் செய்முறை' என்கிறீர்கள், 'மாதிரிச் செய்முறைப் பதிவு' என்றே போகிறது. காட்சி, பதிவு பிரிவினைக்கு மிக்க நன்றி, மூன்றாம் இயலை முழுக்கத் திருத்தினேன்.

> போகிறது

போகட்டும். ஆனால் சளி மாதிரி எடுக்கும் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள். 'ஒப்புச்செய்கை' என்றால் அந்த 'ஒப்புக்கு' ஒலி குறையுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.