ஹூக் ஓகே, ரெண்டாவது சரணம் எங்கே? – ரிஸ்க் எடுக்காத பாப் ஆல்பம், அனுபவப் பகிர்வு

லாஸ்பேட்டை கீபோர்டு:
ரிஸ்க் எடுக்காத இந்த ரக பாப் ஆல்பத்தின் ஹூக் (மனதில் ஒட்டும் மெட்டுத் துண்டு) முதல் தடவையே ஒட்டிக்கொள்வதில் மாயமே இல்லை. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நாலு: சி, ஜி, ஏ மைனர், எஃப். மேலே மெட்டு மோகன ராகச் சாயலில். மோகனத்தில் ம, நி ரெண்டும் கிடையாது. அரைச்சுர இடைவெளியே (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டை) வராது. அதனால் எந்தக் கார்டு மேல் எந்தச் சுரத்தை வைத்தாலும் பெரிதாக இடறாது. பல்லவி ஒரு ஸ்தாயிக்குள் (ஸ முதல் மேல் ஸ வரை) முடிந்துவிடும். ஜூன் 21 இசைத் திருநாள் அன்று புதுச்சேரி மேடையில் ரெண்டாவது தடவையே கூட்டம் சேர்ந்து பாடுகிறது என்றால் அதற்காகத்தான். இதைக் கேலி செய்ய வேண்டாம், எல்லோருக்கும் வாய்க்காத வேலை.

சலிப்பும் அங்கேயே தொடங்குகிறது. 100 பி.பி.எம்.-ல் (நிமிடத்துக்கு 100 அடி), பாருக்கு நாலு அடி என்று நாலு பார் ஓட 9.6 செகண்ட். பாட்டு 3 நிமிடம் 12 செகண்ட் என்றால் அதே சுற்று 20 தடவை. எல்லா கார்டையும் மாற்றத் தேவையில்லை. ரெண்டாவது சரணத்தின் கடைசிச் சுற்றில் எஃப்-ஐ மட்டும் எஃப் மைனர் ஆக்குங்கள். ஏ அரைச்சுரம் இறங்கும். ஸ-வை சி-யில் வைத்தால் நம்ம கர்நாடக சங்கீதக் கணக்கில் த2 (மேல் தைவதம்) போய் த1 (கீழ் தைவதம்) வரும். அந்த பாரில் பாடகர் த2-வைப் பிடித்திருந்தால் நாராசம். மெட்டை ஸ-வில் நிறுத்திவிட்டு கார்டை மாற்றினால் பிழைத்தது.

முதலியார்பேட்டை மிக்ஸிங்:
கார்டு மேலேயே பழியைப் போடாதீங்க சார். பாதிச் சலிப்பு மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) வருவது. மைனஸ் 7 எல்.யு.எஃப்.எஸ். (கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) வரை ஏத்திக் கொடுத்தால் ஸ்பாட்டிஃபை வழக்கமான செட்டிங்கில் மைனஸ் 14-க்கு இறக்கிவிடும். சத்தம் 7 டெசிபல் போச்சு. லிமிட்டரில் (சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்கும் கருவி) நசுங்கிய டிரம் அடி மட்டும் திரும்பி வராது. பல்லவி எழும்பித் தெரியணும்னா பல்லவியை ஏத்தாதீங்க, சரணத்தை ஒன்றரை, ரெண்டு டெசிபல் இறக்குங்க.

இன்னொன்று ஆட்டோட்யூன், குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள். ரீட்யூன் ஸ்பீடு (திருத்தும் வேகம், பூஜ்யம்தான் அதிவேகம்) பூஜ்யத்தில் வைத்தால் கமகம் (சுரத்தின் அசைவு) எல்லாம் படிக்கட்டு ஆகிவிடும், நாலு பாடகர்களும் ஒரே ஆளாகக் கேட்பார்கள். 25, 30-ல் வைத்து, குரல் வழுக்குகிற சொற்களை மட்டும் தனியே வெட்டித் திருத்தாமல் விட்டால் போதும்.

மஞ்சக்குப்பம் மைக்செட்:
அண்ணே, ஹெட்போன்ல கேட்டுத் தீர்ப்பு சொல்லாதீங்க. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல ஹாரன் ஸ்பீக்கர்ல போட்டா அஸ்திவாரம் தெரிஞ்சிடும். ஹாரன்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் உருப்படியா வராது. 808 பேஸ் (டிரம் மெஷினோட கனத்த அடி ஒலி) 50 ஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கு, அதை நம்பிக் கட்டின பல்லவி காலி டப்பா மாதிரி ஒலிக்கும். பேஸ்ல கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) போட்டீங்கன்னா மேல் ஹார்மானிக்ஸாவது (அதோட மேல் அதிர்வெண்கள்) காதுக்கு எட்டும். ஹாரன் மோனோ வேற, ரெண்டு பக்க ஒலியும் ஒண்ணாக் கலந்துடும். ஸ்டீரியோ அகலம்னு ஒரு பக்கத்து ஃபேஸைத் (அலையைத் தலைகீழா) திருப்பி வச்ச பேடு (பின்னணியில நீளும் கீபோர்டு ஒலி), கோரஸ் எல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுட்டு மறைஞ்சிடும். மிக்ஸ் முடிக்கிறதுக்கு முன்னாடி மோனோ பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, அவ்ளோதான் செலவு.

ஆனா ஒண்ணு, ஹூக் ஸ்ட்ராங்கா இருந்தா ஹாரன்லயும் நிக்கும். அந்த மார்க்கைக் குடுத்துடணும்.

கெடிலக்கரை:
வரிகளை யாரும் தொடவில்லையே. மெட்டு முதலில், சொல் பிறகு என்று போகிறபோது குறில் விழ வேண்டிய இடத்தில் நீண்ட சுரம் வந்து நிற்கும். ‘உன் வரம்’ என்று எழுதியது பாடும்போது ‘உன் வாரம்’ ஆகிறது. காதலியா காலண்டரா தெரியவில்லை. ‘படம்’ பாடம் ஆகும், ‘மலை’ மாலை ஆகும். நீட்டுகிற சுரத்துக்கு நெடிலாகவே தேடுங்கள்: வானம், காலம், தூரம். குறில்தான் வேண்டுமென்றால் சொல்லின் கடைசி எழுத்தை மெல்லின மெய்யாக வைத்து அதில் நீட்டலாம். ‘மனம்’ என்பதை ‘ம்’மில் இழுத்தால் பொருள் கெடாது.

மழை, நிலா, கண், மச்சி: இந்த நாலை வைத்தே எட்டுப் பாட்டும் ஓடுகிறது. உப்பங்கழி, சுண்ணாம்பாறு என்று நம்ம பக்கத்து ஒரு பெயர் வந்தால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். வருவதில்லை.

வில்லியனூர்:
தனித்தனியா கேட்டா நல்லாதான் இருக்கு. கடலூர் பஸ்ல வரிசையா போட்டா மூணாவது பாட்டுலேயே எது எதுன்னு குழம்புது. ஏன்?

லாஸ்பேட்டை கீபோர்டு:
வேகத்தை அளந்து பாருங்க தம்பி. எட்டும் 96-க்கும் 104-க்கும் நடுவில்தான் இருக்கும். ஒன்றைத் திஸ்ரத்தில் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) அமைத்து நாலாவது இடத்தில் வைத்தாலே வரிசை உடையும். இன்னொன்றில் முதல் சரணம் முழுக்க டிரம்ஸ் வேண்டாம். கடைசிப் பல்லவியில் சுருதியை அரைக் கட்டை ஏற்றுவது எல்லாம் ஒரு பாட்டுக்குச் சரி. எட்டிலும் செய்தால் ஏழாவதில் எங்கே ஏறும் என்று பஸ் கண்டக்டரே சொல்லிவிடுவார்.