மாங்கூழ் ஆறும் கணக்கு: விடை ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அவசரம்

காவேரிப்பட்டணம்_தம்பி: கூழ் ஆலையில் புராஜெக்ட். டின்னில் அடைத்த பெங்களூரா மாங்கூழ் ஆறுவதை நியூட்டனின் குளிர்தல் விதியில் (சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடோ, அந்த அளவுக்கு வேகமாக ஆறும்) பொருத்துகிறேன். ஆறும் வேகத்தைச் சொல்லும் மாறிலி கே-யும் சுற்று வெப்பநிலையும் தெரியாதவை. பைத்தானில் இவற்றுக்குக் கொடுக்கும் தொடக்க ஊக மதிப்பை மாற்றினால் விடையும் மாறுகிறது. நாளை மறுநாள் ரிவியூ. உதவுங்கள்.

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட்: எத்தனை நிமிட அளவீடு? என்ன தெர்மாமீட்டர்? டின் தண்ணீரிலா, காற்றிலா?

அரூர்_கணக்கு: அல்காரிதம்தான் கோளாறு. பிழை மிகக் குறைந்த இடத்தைத் தேடாமல், பக்கத்தில் இருக்கும் சின்னக் குழியில் விழுந்து நின்றுவிடும். பத்து இடங்களிலிருந்து ஓட்டி, பிழை குறைந்ததை எடுங்கள்.

பர்கூர்_பழையவர்: டின்னின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டில் இருக்குமா? பயோட் எண் (உள்ளே வெப்பம் கடக்கும் தடையை வெளியே போகும் தடையோடு ஒப்பிடுவது) 0.1-க்குக் கீழே இல்லாவிட்டால் இந்த விதியையே நம்ப முடியாது. அடிப்படை படிக்காமல் கோடு பொருத்த வந்துவிடுகிறீர்கள்.

காவேரிப்பட்டணம்_தம்பி: சின்ன டின், மேசை மேல். அரை நிமிடத்துக்கு ஒன்றாக 10 நிமிடம். 90-லிருந்து 84 வந்தது. தெர்மாமீட்டர் அரை டிகிரி காட்டும்.

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட்: அங்கேதான் சிக்கல் தம்பி. சுற்று 30 என்றால் நிமிடத்துக்குக் கே 0.0105. 50 என்றால் 0.0163. இரண்டுமே 90-ல் தொடங்கி 84-ல் முடியும். நடுவில், 5ஆம் நிமிடத்தில், ஒன்று 86.92, மற்றது 86.88. அரை டிகிரி தெர்மாமீட்டருக்கு இது எப்படித் தெரியும்? அரூர் சார், இது குழி இல்லை, தட்டையான நீள வாய்க்கால். எங்கே நின்றாலும் பிழை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மணி நேரம் விட்டால் 62-க்கும் 65-க்கும் பிரிந்துவிடும். சுற்று வெப்பநிலையைத் தனியாக அளந்துவிட்டால் இன்னும் நல்லது.

தொப்பூர்_கணவாய்: சமன்பாட்டைத் தீர்ப்பானேன்? அடுத்தடுத்த அளவீடுகளைக் கழித்து வேகம் எடுங்கள், வெப்பநிலைக்கு எதிரே நேர்கோடு போடுங்கள். கோட்டின் சரிவுதான் கே.

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட்: அரை நிமிடத்தில் இறங்குவதே 0.3 டிகிரி. கழித்தால் ஒரு முறை 0, ஒரு முறை 0.5. அதில் கோடு எப்படி நிற்கும்?

தொப்பூர்_கணவாய்: நகரும் சராசரி போட்டால் நிற்கும்.

பர்கூர்_பழையவர்: அகலமான சராசரி போட்டால் வளைவு மழுங்கும். கே-யைச் சுற்று வெப்பநிலையிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்த வளைவுதான். இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா?

தொப்பூர்_கணவாய்: ஆலையில் அப்படித்தான் செய்கிறோம், வேலை நடக்கிறது.

ஓசூர்_ராத்திரி_ஷிப்ட்: ஆலையில் உங்கள் அளவீடு எத்தனை மணி நேரம்?

காவேரிப்பட்டணம்_தம்பி: அறை 31. இரண்டு மணி நேரம் எடுத்தேன். எங்கிருந்து தொடங்கினாலும் இப்போது ஒரே கே. நன்றி அண்ணா. பயோட் எண் இன்னும் பார்க்கவில்லை.