உலகமயமாக்கல் எல்லாச் சமூகங்களையும் ஒரே அச்சில் வார்க்கிறதா?

தூரிகை:
மொபைல் ஆப்களை நாட்டுக்கு நாடு மாற்றியமைப்பது என் வேலை. போன மாதம் ஒரு பதிவுப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் ஏராளம். சோதனையில் ஒருவர் அந்தக் கட்டத்தில் வெறும் புள்ளி வைத்தார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டாம் முறை அடித்தார். உலகமே ஒரே படிவத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆட்களும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்களா?

கடலோடி:
கப்பலில் வேலை பார்த்தவன். எந்தத் துறைமுகமானாலும் கன்டெய்னரின் மூலைத் துளைகள் ஒரே அளவுதான், இல்லையென்றால் கிரேனில் பூட்டாது. 1956இல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன கப்பலில் தொடங்கிய கதை. ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டியவை ஒரே மாதிரி ஆகத்தான் செய்யும். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியதும் வெளிநாட்டுச் சந்தைகளோடு பொருந்தத்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை அரைநாள்தான் வேலை. ஷார்ஜா வெள்ளியையும் விடவில்லை, மூன்று நாளும் லீவு! பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கதை.

ஓரக்கண்:
பப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த டிரோப்ரியாண்ட் தீவுகளின் கிரிக்கெட்டைப் பாருங்கள். 1903இல் ஒரு பாதிரியார், ஊர்ச் சண்டைக்கு மாற்றாக இருக்கட்டும் என்று கற்றுக்கொடுத்தார். அவர்கள் அதைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பதினொரு பேர் கணக்கெல்லாம் இல்லை, இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் போதும், எத்தனை பேரும் ஆடலாம். பந்தை ஈட்டி எறிவதுபோல் எறிவார்கள். விக்கெட் விழுந்தால் அணியே சேர்ந்து நடனமாடும். கடைசியில் விருந்து வைக்கும் ஊர்தான் ஜெயிக்க வேண்டும். ஆட்டம் வெளியிலிருந்து வந்தது, சரி. ஆனால் அது யாருடைய ஆட்டம்?

மௌனி77:
இதெல்லாம் ரசிக்கத்தான் நன்றாக இருக்கிறது. உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள், அவற்றில் சுமார் 40 சதவீதம் ஆபத்தில் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. வளைத்துக்கொள்ள நாலு பேர் மிச்சமிருந்தால்தானே வளைக்க முடியும்?

கடலோடி:
அதில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கும் அரசு மொழிக்கும் அல்லவா? சைபீரியாவின் சின்ன மொழிகளை விழுங்குவது ரஷ்ய மொழி, ஆங்கிலம் இல்லையே.

மௌனி77:
விழுங்கியது யாராக இருந்தால் என்ன, போனது போனதுதான்.

தூரிகை:
மௌனி சொல்வது உறைக்கிறது. நாங்கள் ஆப் கொண்டுபோகும் மொழிகளின் பட்டியலில் அந்தச் சின்ன மொழிகள் ஒன்றுகூட இல்லை. யாரும் கேட்டதும் இல்லை, நானும் கேட்டதில்லை. படிவத்தில் இப்போது 'பெயர்' என்று ஒரே கட்டம் வைத்துவிட்டோம். எத்தியோப்பியாதான் பாக்கி. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், காலை ஏழு மணியை ஒரு மணி என்பார்கள். எங்கள் ஆப்போ அவர்களை ஏழு மணிக்கே எழுப்புகிறது.