கோடிப்புறத்துக் கதியால் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டலாமா?

வளவுக்காரன்:

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் பகுதியில், எங்களுக்கு நான்கு பரப்புக் காணியும் அதில் ஒரு பழைய வீடும் உண்டு. மூன்று பக்கமும் மதில் எழுந்துவிட்டது. வீட்டின் கோடிப்புறத்தில், அதாவது பின்பக்கத்தில் மட்டும், ஏறத்தாழ நூறு அடி நீளத்துக்கு, பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் கலந்து நிற்கும் கதியால் வேலி (வேர்விட்டுத் தழைக்கும் தடிகளை நட்ட உயிர்வேலி) இன்னும் இருக்கிறது. கிணறும் குளிக்கும் இடமும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளன. வேலியடைக்க இரண்டு ஆண்டுகளாக ஆள் கிடைக்காததால், பனையோலை உக்கி விழுந்த இடங்களில் அம்மா பழைய சேலைகளைக் கட்டி மறைத்திருக்கிறார். இதற்கிடையே பின்வளவில் (பின்பக்கத்து அயல் காணியில்) மாடி வீடு ஒன்று எழுந்து வருகிறது.

கனடாவில் இருக்கும் அக்கா, ஆறடி மதிலுக்கான முழுச் செலவையும் அனுப்புவதாகச் சொல்கிறார். பின்வளவு மாமியோ வேலியை எடுக்க வேண்டாம் என்றும், ஓலைச் செலவில் பாதியைத் தாமே தருவதாகவும் கேட்டுக்கொள்கிறார். மதில், தகரம், வேலி ஆகிய மூன்றில் எதைத் தெரிவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றி.

பூவரசு:

வேலியை எடுக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே அதற்கான முதற் காரணம் இருக்கிறது. பின்வளவில் மாடி வீடு எழுகிறது என்கிறீர்கள். மேல்மாடி யன்னலில் நிற்பவருக்கு ஆறடி மதில் எதை மறைக்கும்? வெட்டாமல் விட்டால் பூவரசங் கதியால் சில ஆண்டுகளிலேயே பதினைந்து அடிக்கு மேல் வளர்ந்து, கிணற்றடிக்கும் அந்த யன்னலுக்கும் இடையில் இலைத் திரை கட்டிவிடும். அந்த உயரத்துக்கு மதில் கட்ட எந்தப் பிரதேச சபையும் அனுமதி தரப்போவதில்லை.

இரண்டாவது, தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையில் தங்குவதைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். வேலி நின்ற காலத்தில் மழைவெள்ளம் ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்குள் மெல்ல ஊர்ந்து, ஊறி, மிச்சம் வாய்க்காலுக்குப் போனது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த மழையின்போது எங்கள் ஒழுங்கையில் நான்கு பக்கமும் மதில் கட்டிய வீடுகள் தொட்டிகளைப் போல நிறைந்து நின்றதையும், ஓர் அயலவர் தமது புது மதிலின் அடியைத் தாமே அலவாங்கால் இடித்துத் தண்ணீரை வெளியேற்றியதையும் நான் பார்த்தேன்.

மூன்றாவது, குழை. ஆடு வளர்ப்பவருக்கும் தோட்டம் செய்பவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கிளுவையும் பூவரசும் ஆட்டுக்கு, சீமைக்கிளுவை தோட்டத்துக்குப் பசளை, உக்கிய ஓலையும் மண்ணுக்குள்ளேயே போகும். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வேலி காற்றை வடித்து அனுப்பும். மதில் அதை மேலே தூக்கிச் சுழற்றி உங்கள் வாழைகளின் தலையில் இறக்கும்.

கிணற்றடி:

மதிலைக் கட்டுங்கள். கிடுகு வேலியின் மறைப்பில், குறுக்குக்கட்டோடு, பதினெட்டு ஆண்டுகள் கிணற்றடியில் குளித்து வளர்ந்த பெண்ணாக இதைச் சொல்கிறேன். ஓலை புதிதாக இருக்கும் ஆறு மாதத்துக்குத்தான் அது மறைப்பு. அதன் பிறகு கறையான் ஏறி, மழையில் உக்கி, ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஓட்டை தோன்றும். அந்த ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது, அதற்கு அப்பால் யார் நடமாடுகிறார் என்று கணக்குப் பார்த்தபடி தலைக்குத் தண்ணீர் வார்ப்பது எப்படிப்பட்டது என்பதைக் குழையின் பயனைப் பட்டியலிடும் ஆண்கள் அறிந்திருக்க மாட்டார்கள். சேலை கட்டி மறைத்திருக்கும் அம்மாவுக்கு அது தெரியும்.

வேலைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். தென்னோலையை நடுவே கிழித்து, நாட்கணக்கில் ஊறப்போட்டு, முற்றத்தில் குந்தியிருந்து கிடுகு பின்னியவர்கள் எங்கள் அம்மாமாரும் நாங்களும்தான். வேலியடைக்கும் நாளில் ஆண்கள் வரிச்சுப் பிடித்துக் கட்டினார்கள். அதுதான் படங்களில் வருகிறது. இன்று பனையில் ஏறி ஓலை வெட்ட ஆள் இல்லை, மிதித்துப் படிய வைக்க ஆள் இல்லை, கட்ட ஆள் இல்லை. மாமி பாதிச் செலவைத் தருவார். பாதி ஆளையும் தருவாரா?

மாடி யன்னல் பற்றிய பேச்சு சரியானதுதான். அதற்கு மருந்து மரம் அல்ல, கூரையுள்ள குளியலறை.

நிலஅளவை:

ஓய்வுபெற்ற நில அளவையாளன் என்ற முறையில், இருவரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன். தம்பி, நீங்கள் மதில் கட்டினாலும் வேலியைப் புதுப்பித்தாலும் முதலில் காணியை அளந்து எல்லைக்கல் போடுங்கள். இப்போது நிற்கும் கதியால் எல்லை என்று நம்பி அத்திவாரம் வெட்டாதீர்கள்.

பட்ட கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடும்போது ஒரு சாண் தள்ளி நடுவதைத்தான் எங்கள் ஊரில் கதியால் அரக்குதல் என்பார்கள். யாரும் ஒரே இரவில் அரக்குவதில்லை. ஓர் ஆண்டு நான்கு விரல், இன்னோர் ஆண்டு மூன்று விரல், அதுவும் அயலவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஆண்டாகப் பார்த்து. உங்கள் நூறு அடி வேலியில் ஒன்றரை அடி நகர்ந்தால் 150 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஒரு குழி போய்விடும். பதினெட்டுக் குழி சேர்ந்தால் ஒரு பரப்பு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டுகள் எதிரிடையாகவும் இடையறாமலும் அனுபவித்ததை நிறுவுபவர் உரிமை கோர முடியும் என்பதால், நகர்ந்த கதியால் வெறும் அயல் வருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. நான் சாட்சி சொன்ன வழக்குகளில் இரு தரப்பும் காட்டியது அந்தக் கதியாலைத்தான். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது நீதிமன்றத்தில் பழமொழி அல்ல.

காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் பின்வளவுக்கு உண்டு என்று அதில் எழுதியிருந்தால், நீங்கள் நினைத்தபடி நூறு அடியையும் அடைத்துக் கட்ட முடியாது.

பூவரசு:

நிலஅளவை ஐயா சொல்வது உண்மை. ஆனால் அது வேலியின் குற்றமா, அரக்கியவரின் குற்றமா? மதில் கட்டுபவரும் ஒரு சாண் தள்ளி அத்திவாரம் போடுவது உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அரக்கிய கதியாலை அடுத்த மழைக்குத் திரும்ப நடலாம். தவறாகக் கட்டிய மதிலை யார் இடிப்பது?

கிணற்றடி அக்கா சொன்ன வேலைக் கணக்கை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் கிடுகு பின்னியது பாட்டிதான். ஆனாலும் வேலியடைப்பு ஆண்டுக்கொரு முறை இரண்டு வீடுகளையும் ஒரே இடத்தில் நிறுத்தியது. கோபத்தில் இருந்தவர்கள்கூட அன்றைக்கு ஒருவர் பிடிக்க மற்றவர் கட்ட வேண்டியிருந்தது. வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் சிறு திறப்பு, இருந்தது. அதற்குள்ளால் கறிச்சட்டியும் நெருப்பும் பிள்ளைகளும் போய் வந்தன. 1987இல் இந்திய இராணுவம் ஒழுங்கைக்குள் வந்தபோது, நாங்கள் தெருவில் கால் வைக்காமலே பொட்டுக்குப் பொட்டாக ஆறு வளவுகள் கடந்து கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறடி மதில்கள் இருந்திருந்தால் என் தந்தையை யார் தூக்கிப் போட்டிருப்பார்கள்?

கிணற்றடி:

அந்தப் பொட்டு எல்லோருக்கும் திறந்திருந்ததாக எழுதாதீர்கள். எந்த வீட்டுக்குப் பொட்டு விடுவது, எந்த வீட்டார் படலையோடு (வாசல் கதவோடு) நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. வேலியடைக்க வந்தவர்களுக்கு எந்தப் பாத்திரத்தில் தேநீர் கொடுத்தார்கள் என்பதும் உங்கள் நினைவில் இருக்கும் என்று நம்புகிறேன். வேலிக்குள் மூடிக் கிடக்கும் பழமையைக் குறிக்கும் கிடுகுவேலிக் கலாசாரம் என்ற சொல்லை நம்மவர்கள் வசையாகப் பயன்படுத்தியது சும்மா அல்ல. மதில் யாரையும் சமமாக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் அவ்வளவு பெரியது அல்ல. எழுபது வயது கடந்த ஒரு பெண் நிம்மதியாகக் குளிக்க வேண்டும். அதற்கு இன்று கிடைக்கும் பொருளில் உறுதியானது சீமெந்துக் கல்.

பாம்பைப் பற்றியும் இதுவரை யாரும் பேசவில்லை. அடர்ந்த கதியால் அடியில் உக்கிய ஓலை கிடந்தால் அங்கே என்ன குடியிருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மயிலிட்டிக் கரை:

எங்கள் காணியை 1990இல் விட்டு ஓடினோம். 2017இல் இராணுவம் விடுவித்த பிறகு போய்ப் பார்த்தபோது வேலியும் இல்லை, சித்தப்பா கட்டிய மதிலும் இல்லை, வீடும் இல்லை. பற்றைக் காட்டுக்குள் எங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க உதவியவை இரண்டு: பாதி தூர்ந்த கிணறு, அப்பா சாகும்வரை பெட்டிக்குள் வைத்திருந்த நில அளவைப் படம். மதிலா வேலியா என்று வாதாடுபவர்கள் அந்தப் படத்தின் பிரதியொன்றை வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

சங்கடப்படலை:

தகரம் பற்றி யாரும் எழுதாததால் மட்டும் சொல்கிறேன்: வேண்டாம். மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். வெயிலில் அதன் அருகில் எதுவும் நிற்காது, காற்றில் இரவு முழுவதும் அடிக்கும், கடற்காற்று பட்டால் அடியிலிருந்து துருப்பிடிக்கும். கட்டட வேலை நடக்கும் ஆறு மாதத்துக்கு வேண்டுமானால் போடலாம்.

மதிலை விரும்புகிறவர்களுக்கு ஓர் இடைவழியும் உண்டு. கொங்கிறீற் தூண்களை நட்டு, வார்த்த பலகைகளை இடையில் செருகும் முறையில் தொடர் அத்திவாரம் வெட்டத் தேவையில்லை. தூணுக்கு மட்டும் குழி போதும். மா, பலா வேர்கள் தப்பும், கீழ்ப்பலகையைச் சற்று உயர்த்திச் செருகினால் வெள்ளமும் போகும்.

பூவரசு:

வெள்ளம் போகும் வழியால் நாயும் எலியும் வரும் என்று அடுத்த பதிவில் கிணற்றடி அக்கா எழுதுவார்.

கிணற்றடி:

எழுதத்தான் இருந்தேன். கம்பி வலை அடித்தால் போதும்.

வளவுக்காரன்:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிலஅளவை ஐயாவின் பேச்சைக் கேட்டு முதலில் காணியை அளந்தோம். அளவையாளர் நூலைப் பிடித்தபோது அம்மாவும் பின்வளவு மாமியும் வேலியின் இரு பக்கமும் நின்றார்கள். வேலி முக்கால் அடி அரக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் அரக்கியவர்கள் நாங்கள். கிழக்கு மூலையில் தொடங்கிச் சரிவாக, அவர்களுடைய காணிக்குள் எங்கள் பூவரசு நிற்கிறது.

அம்மா முதலில் அளவு பிழை என்றார். பிறகு, அப்பா அப்படிச் செய்யக்கூடியவர் அல்லர், அது தாத்தாவின் வேலையாக இருக்கும் என்றார். பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் விரும்பினால் உரிமை கோரிப் பார்க்கலாம் என்று அளவையாளர் சிரித்தபடி சொன்னார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மாமிக்கு இது முன்பே தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதில் கட்டினால் அளக்க நேரும், அளந்தால் எங்களுக்கு வெட்கமாகப் போகும் என்பதால்தான் வேலியே இருக்கட்டும் என்று சொல்லியிருப்பாரோ?

இப்போதைய முடிவு இது. புதிய எல்லைக்கல்லுக்குள், எங்கள் நிலத்தில், கிணற்றடியை ஒட்டிய இருபது அடிக்கு மட்டும் மதிலும், கூரை போட்ட குளியலறையும். மிச்ச எண்பது அடிக்குச் சரியான கோட்டில் புதிதாகக் கதியால் நட்டு, ஓலைக்குப் பதிலாகக் கம்பி. அவர்கள் பக்கத்தில் நிற்கும் பழைய பூவரசுகள் இனி மாமியுடையவை. பொட்டு வேண்டாம், ஒரு சின்னப் படலை வைத்துவிடு என்று அவர் கேட்டிருக்கிறார். கதியாலை எப்போது நடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது?

கிணற்றடி:

இருபது அடிக்கு மகிழ்ச்சி. கம்பி எதையும் மறைக்காது. கதியால் தழைத்து அடையும்வரை அந்த எண்பது அடியும் திறந்த வெளிதான். ஐந்து ஆண்டுகளில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள். அப்போது சீமெந்து என்ன விலையோ. 2022இல் மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியதை மறந்துவிட வேண்டாம்.

பூவரசு:

ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்த பிறகு நடுங்கள். முற்றிய தடியாக, கைப்பிடி அளவு தடிப்பில், நெஞ்சளவு உயரத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். தண்ணீர் தங்காதபடி மேல்முனை சரிவாக இருக்கட்டும். ஒரு முழத்துக்கு ஒன்று போதும். முள்முருக்கையும் இடையிடையே நடலாம் என்று சொல்வேன், கலியாணத்துக்குக் கன்னிக்கால் (சடங்குக்கு நடும் முருக்கந்தடி) தேடி அலைய வேண்டியிருக்காது. ஆனால் 2000களின் நடுவில் ஆசியா எங்கும் பரவிய குளவி எங்கள் வேலியில் நின்ற முள்முருக்கு அத்தனையையும் புடைப்புப் புடைப்பாக்கிக் கொன்றதால், இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம்.

நிலஅளவை:

நடுகிற அன்று நூல் கட்டி நடுங்கள், தம்பி. மாமியை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.