வளரும் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டு இவ்வளவு பின்தங்குவது ஏன்?

கேள்வி:
வளர்ந்த நாடுகளுக்கு எம்எஸ்சிஐ வேர்ல்டு ஃபண்டு, வளரும் நாடுகளுக்கு எஃப்டிஎஸ்இ எமர்ஜிங் ஃபண்டு வைத்திருக்கிறேன். எம்எஸ்சிஐ, எஃப்டிஎஸ்இ என்ற நிறுவனங்கள் வெளியிடும் பங்குக் குறியீடுகளை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் இவை. முதலாவது குறியீட்டை ஒட்டியே போகிறது. இரண்டாவது எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை (ஃபண்டின் ஆண்டுச் செலவு விகிதம்) கழித்துப் பார்த்தாலும் பின்தங்குகிறது. நிர்வாகம் சரியில்லையா? மாற்றிவிடலாமா?

பதில் 1:
முதலில் வரியைப் பாருங்கள். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிகர வருவாய்க் குறியீட்டில் அந்த டிவிடெண்டு மீதான வரி மட்டுமே கழியும், மூலதன ஆதாய வரி (பங்கை விற்ற லாபத்துக்கான வரி) கழியாது. இந்தியாவோ வெளிநாட்டு ஃபண்டிடமும் அதைப் பொதுவாக வசூலிக்கிறது. 2024 ஜூலை 23 முதல் பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்றால் 20%, அதற்கு மேல் 12.5%, செஸ், சர்சார்ஜ் எனும் கூடுதல் வரிகள் தனி. பங்கை விற்கும்வரை ஃபண்டு காத்திருக்காது, வரப்போகும் வரிக்கு என்ஏவியிலேயே (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) ஒதுக்கீடு செய்துவிடும். ஃபண்டில் இந்தியா 20% இருந்து, அந்தப் பங்குகள் 20% ஏறினால், 12.5% வீதத்தில் ஏறத்தாழ 0.5% அதற்கே போய்விடும். சந்தை இறங்கினால் ஒதுக்கீடு குறைந்து, ஃபண்டு குறியீட்டை முந்துவதுபோலக்கூடத் தெரியும். ஆண்டறிக்கையில் மூலதன ஆதாய வரி ஒதுக்கீட்டைத் தேடி, சராசரி நிகரச் சொத்தால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

பதில் 2:
வரி விஷயம் சரிதான். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது நீங்கள் சேர்த்திருக்கும் ஜோடி. தென் கொரியாவை எஃப்டிஎஸ்இ 2009இலேயே வளர்ந்த சந்தைக்கு மாற்றிவிட்டது. எம்எஸ்சிஐ 2025 மறுஆய்விலும் வளரும் சந்தையாகவே வைத்திருந்தது. கொரிய நாணயமான வொன்னை வெளிநாட்டில் தாராளமாக வாங்கி விற்க முடியாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆக, உங்கள் இரண்டு ஃபண்டிலுமே கொரியா விடுபடுகிறது; அந்நாட்டு நிறுவனங்களான சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டுமே உங்களிடம் இல்லை! ஜோடியைத் தலைகீழாக்கினால் கொரியா இரண்டு தடவை வரும். 2018இல் எஃப்டிஎஸ்இ உயர்த்திய போலந்துக்கும் இதே கதைதான். இரண்டு ஃபண்டுகளையும் ஒரே நிறுவனத்தின் குறியீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பிடும்போதும் ஃபேக்ட்ஷீட்டில் உள்ள அதே குறியீடுதானா என்று பாருங்கள். எஃப்டிஎஸ்இ ஃபண்டை எம்எஸ்சிஐ எமர்ஜிங்கோடு வைத்தால் தெரிவது கொரியா ஏறி இறங்கிய வித்தியாசம்தான்.

பதில் 3:
ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆசியச் சந்தைகள் மூடிய பிறகு என்ஏவி கணக்கிடும் ஃபண்டுகள் சில, பங்குகளுக்கு முடிவு விலைக்குப் பதிலாக நியாய மதிப்பு (அந்த நேரத்தில் இருக்கக்கூடிய விலையின் மதிப்பீடு) போடும். குறியீடு அன்றைய முடிவு விலையையே எடுக்கும். மாதக் கடைசி நாளில் அது பெரிய இடைவெளியாகத் தெரிந்து, மறுநாளே சரியாகிவிடும். குறைந்தது மூன்று ஆண்டு எண்களைப் பாருங்கள். மாற்றுவது ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) என்றால், ஆசியச் சந்தைகள் மூடியிருக்கும் நேரத்தில் ஸ்ப்ரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி) விரியக்கூடும். கிடைக்கும் விலைக்கு நடக்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், நீங்களே விலை வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.